மேட்டு அத்திப்பழமும் நீல மணியும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு நைலான் காலுறைக்குள். அலங்காரமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் இருக்கும் லோமா செக்கா ஊரின் சமூகக் கூடத்தில், ஒரு சனிக்கிழமை காலையில், கையுறை மாட்டி மூக்கை மூடிக்கொண்டு கயோட்டிப் பீயைக் கிளறிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. கயோட்டி என்ன தின்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் பீயைத்தான் கேட்க வேண்டும். முதலில் அதை அடுப்பில் வைத்துச் சுட்டுக் கிருமியைக் கொல்வார்கள். பிறகு பெண்கள் போடும் நைலான் காலுறைக்குள் போட்டு, முடிச்சிட்டு, துணி துவைக்கிற மெஷினில் ஓட விடுவார்கள். கரைய வேண்டியது கரைந்தபின் மிச்சம் இருப்பது மயிர், எலும்பு, விதை, யாரோ மடியில் வைத்துக் கொஞ்சிய பூனையின் நகம்.

எழுதுவதும் இப்படித்தான், கரைவது கரைந்தபின் மிஞ்சுவதுதான் கதை என்று ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். பீ பீயாகவே இருக்கட்டும். எதைப் பார்த்தாலும் எழுத்துக்கு உவமை தேடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

[கயோட்டி தெரியாதவர்களுக்கு: நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சிறிசு. நாம் வீடு கட்டினால் காட்டுக்குள் ஓடாது. பக்கத்திலேயே குடிவந்துவிடும்.]

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன்.

முதல் தொடக்கம்: “காய்ந்த ஓடையின் ஓரத்தில் அவள் காதுகளை நிமிர்த்தினாள். அவளுடைய குட்டிகள் பசியோடு—”

கயோட்டியின் மனசுக்குள் நான் போவதா? அது என்னைக் கூப்பிடவில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: “அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் குடியிருப்புகளில் கடந்த சில ஆண்டுகளாக வனவிலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் இடையிலான—”

இதை எழுதிய கை என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம்.

மூன்றாவது, நடந்தது நடந்தபடி. ஆகஸ்டு மாதம், காலை பத்து பதினொரு மணி வெயில். டெனிஸ் ஹால்வர்சன் என்கிற அம்மாள், வசதியானவர்கள் வாழும் மேட்டுத் தெருவில் தனியாக இருப்பவர், தன் குட்டி நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு காய்ந்த ஓடைக்கரைப் பாதையில் நடந்தார். கயிறு வெடுக்கென்று இழுபட்டது. ஏதோ புதரில் சிக்கிக்கொண்டது என்று நினைத்து இவரும் இழுத்தார். திரும்பிப் பார்த்தபோது கயிற்றின் மறுமுனையை ஒரு கயோட்டி இழுத்துக்கொண்டிருந்தது. நடுவில் நாய். டெனிஸ் கத்தவில்லை. கையை விடவும் இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இழுத்தார்கள். அப்புறம் கயிறு லேசாகிவிட்டது.

அந்தக் கயிற்றை அவர் இன்னும் கைப்பையில் வைத்திருக்கிறார். கூடத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பையைத் திறந்து, எனக்குக் காட்டினார். நான் கேட்கவே இல்லை.

3

யெசேனியா பர்ரகானை அறிமுகம் செய்கிறேன். இவள்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

நகராட்சியில் வனவிலங்கு அலுவலர். மேட்டு வீடுகளில் வேலை செய்கிறவர்கள் வாழும் பள்ளத்துத் தெருவில் அப்பா அம்மாவோடு இருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். (எங்கள் வீட்டில் அது நான். அதனால் இவள்மேல் இரக்கம் அதிகம், நம்பிக்கை கம்மி. படித்துவிட்டால் வீட்டில் நடப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிற ஒரு வியாதி எங்களுக்கு உண்டு.) அப்பா எலியாசார் தோட்ட வேலை செய்கிறவர். மேட்டில் பாதி வீட்டுப் புல்லும் மரமும் அவர் கையில்தான். மகளைக் கேலி செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது.

“நாலு வருஷம் படிச்சு, கறுப்பு கவுன் மாட்டி, தொப்பியைத் தூக்கி வீசி, கடைசியில நரிப் பீ பொறுக்கற. நான் படிக்காமலே நாய்ப் பீ பொறுக்கறேன். நமக்குள்ள என்ன மிஹா வித்தியாசம்?”

மிஹா என்றால் மகளே. அது கேலி மட்டும்தானா என்று யெசேனியாவுக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. அதனாலேயே ஆபீஸ் விஷயத்தை அவள் வீட்டில் பேசுவது நின்றுபோயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதில்தான் இடறி விழுகிறது.

முதல் வரைவில் இவள் மேட்டுக்காரர்கள் முகத்துக்கு நேராக நாலு கேள்வி கேட்டாள். அந்தப் பக்கத்தை எழுதும்போது எனக்கு நன்றாக இருந்தது. ஆனால் அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. “சரிங்க மேடம்” என்பாள். “கவனிக்கிறோம் மேடம்” என்பாள். அந்த “மேடம்” என் பல்லில் மணல் போல நறநறக்கிறது. ஆனாலும் அவள் வாயிலிருந்து அதைப் பிடுங்க என்னால் முடியவில்லை.

4

நாய் போனபிறகு மேடு முழுக்க ஒரே பேச்சு. கயோட்டிகள் எங்கிருந்து வருகின்றன? பள்ளத்திலிருந்துதான். அவர்கள்தான் கொல்லையில் கோழி வளர்க்கிறார்கள். அவர்கள்தான் மூடாத தொட்டியில் குப்பை போடுகிறார்கள். வண்டிக் கடை வைத்து எலும்பைத் தெருவில் எறிகிறார்கள். பள்ளத்துக்குப் பின்னால் போகும் ஓடை நெடுகக் கூண்டு வைக்க வேண்டும் என்று நகர சபையில் மனு. இரண்டு வாரம் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு.

கூண்டு வைத்தால் பிடிபடுவதை மலைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்றுதான் மேட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மனு பற்றிப் பேச எல்லோரும் சமூகக் கூடத்தில் கூடியபோது, ஒரு பெண்மணி அந்த மலை எவ்வளவு அழகு என்றுகூடச் சொன்னார். யெசேனியா தன் வழக்கமான மெல்லிய குரலில் சொன்னாள்:

“இல்லைங்க மேடம். வேற இடத்துல கொண்டுபோய் விட இந்த மாநிலத்துல அனுமதி கிடையாது. கூண்டுல விழுந்தா அங்கயே கொன்னுடுவாங்க. குட்டி இருந்தா குட்டியையும்.”

மலை அழகு என்று சொன்ன பெண்மணி வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஆனால் மனுவிலிருந்து கையெழுத்தைத் திரும்ப வாங்கவில்லை. அதிர்ச்சி என்பது அவ்வளவுதான். சிலருக்கு உட்கார்ந்த இடத்திலேயே வந்து, உட்கார்ந்த இடத்திலேயே போய்விடுகிறது.

அப்போதுதான் யெசேனியா மணி யோசனையைச் சொன்னாள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் மணிகள். தின்றால் ஒன்றும் செய்யாது, செரிக்காமல் வெளியே வந்துவிடும். கயோட்டி எதையெல்லாம் தின்னும் என்று சந்தேகமோ, அதிலெல்லாம் மணியை வைத்துவிடுவது. பள்ளத்தின் குப்பைக்கும் கோழித் தீனிக்கும் மஞ்சள். மேட்டில் மரத்தடியில் கிடக்கிற பழத்துக்கும் வாசலில் வைக்கிற நாய்த் தீனிக்கும் நீலம். பீயில் எந்த நிறம் வருகிறதோ அந்தப் பக்கம்தான் அதுகளை வளர்க்கிறது. மேடு சிரித்துக்கொண்டே சம்மதித்தது.

அவளே சாயங்காலங்களில் மேட்டு வீடுகளின் கொல்லைகளுக்குப் போய், விழுந்து கிடந்த அத்திப்பழத்திலும் அவகாடோவிலும் விரலால் மணிகளை அழுத்தினாள். வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் செய்தாள்.

சனிக்கிழமை வந்தது. காலுறைகளை வெட்டினோம். முதல் மணியை எடுத்தது டெனிஸ். இடுக்கியின் நுனியில் அதைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார்.

“இது… எங்க நிறமா?”

“ஆமாங்க மேடம். மேட்டு நிறம்.”

அடுத்த மேஜையில் நீலம். அதற்கடுத்ததில் நீலம். மஞ்சள் அங்கொன்று இங்கொன்று. மதியத்துக்குள் கண்ணாடிக் குடுவையில் நீலம் அரைப்பங்கு ஏறிவிட்டது. மலையை ரசித்த பெண்மணி கையுறையைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் காருக்குப் போனார். டெனிஸ் மட்டும் கடைசி வரை உட்கார்ந்து எடுத்துக்கொண்டே இருந்தார். அவர் வீட்டுக் கொல்லையில் நிற்பதுதான் அந்த மேட்டிலேயே பெரிய அத்தி மரம்.

5

கதை இங்கே முடிந்தது. அதாவது நான் முடித்துவிட்டேன். பணக்காரன் தன் பழத்தால் வளர்த்த மிருகத்துக்கு ஏழையைக் குற்றம் சொன்னான், அவன் முகத்தில் அவன் பீயே— மன்னிக்கவும், கயோட்டியின் பீயே— பூசப்பட்டது. கடைசி வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தேன். எனக்குப் பரம திருப்தி.

கதை எழுதியவளுக்கு இவ்வளவு திருப்தி வந்தால் எங்கோ கோளாறு. திரும்பி உட்கார்ந்தேன்.

மேட்டில் விழுந்த பழத்தைப் பொறுக்குவது யார்?

[இனிமேல் வருவது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கதை எழுதுகிறவள் அடுத்த வீட்டு அடுக்களைக்குள் நுழைய யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.]

6

ஞாயிற்றுக்கிழமை. ஊரார் சொல்லித் தெரிந்த மகளின் வெற்றிக்கு அம்மா ஒஃபேலியா கோழி அடித்தாள். மிட்டாய் கொடுப்பதெல்லாம் அந்த வீட்டில் கிடையாது. சந்தோஷம் என்றால் சூப்தான். யெசேனியா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒஃபேலியா கோழியின் இரைப்பையைப் பிளந்து, உள்ளே இருந்த மண்ணையும் சோளத்தையும் குழாயடியில் அலசினாள்.

“ஏய், இங்க பாரு. உன் கோழி பாசிமணி கோத்திருக்கு.”

தொட்டியில் கூழாங்கல்லுக்கும் சோளத்துக்கும் நடுவில் நீல மணி. ஒன்று இல்லை, மூன்று.

“அந்த மணி டப்பாவைத் திறந்து வச்சியா? கொத்திடுச்சு போல.”

டப்பா ஆபீஸில் பூட்டிக் கிடந்தது. இந்தக் கோழிகளுக்கு அவள் வைத்தது மஞ்சள். யெசேனியா கையில் கொத்தமல்லியோடு கொல்லைக்கு வந்தாள். கோழிக்கூண்டைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஓடையின் விளிம்பு. அந்தப் பக்கம் அவள் போய் மாதக்கணக்காகிறது. ஓடையில் அளவெடுக்கவும் பீ பொறுக்கவும் அவள் போவாள். ஆனால் ஊரைச் சுற்றி ஆபீஸ் வண்டியில்தான் போவாள், தன் வீட்டுக் கொல்லை வழியாகப் போனதில்லை.

வேலிக்கு அப்பால் ஒரு குவியல். வெடித்த அத்திப்பழம், கறுத்த அவகாடோ, குளவிகள். குவியலிலிருந்து ஓடைக்குள் இறங்கும் மண்ணில் காலடித்தடம் மேல் காலடித்தடம். தினமும் ஆள் நடக்கிற ஒற்றையடிப் பாதை மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது.

எலியாசார் டிரக்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அப்பா. இந்தப் பழம்லாம் எங்கருந்து?”

“மேட்டுலருந்து. பின்ன என்ன, அத்திப்பழம் வாங்கித் தின்னுற வமிசமா நாம?”

“எப்பருந்து கொண்டு வர்றீங்க?”

“போன வருஷம் அந்த நோட்டீசு வந்ததுலருந்து. விழுந்த பழத்தை அன்னன்னிக்கே பொறுக்கணுமாம், இல்லாட்டி கயோட்டி வருமாம். வீட்டுக்கு வீடு அதைக் கதவுல ஒட்டி வச்சுக்கிட்டு, எலியாசார் பொறுக்கிடு, எலியாசார் பொறுக்கிடுன்னாங்க. பொறுக்கறேன். நல்லது கோழிக்கு, அழுகினது வேலிக்கு அந்தாண்ட. எந்த மடையன் எழுதினான்னு தெரியலை, என் இடுப்பு போச்சு.”

“நான்தான்ப்பா எழுதினேன்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் தண்ணீர்க் குழாயை மூடினார்.

அவள் மணி விஷயத்தை முழுக்கச் சொன்னாள். முதல் முறையாகச் சொன்னாள். மேட்டில் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் சொல்லியிருந்தாள். தினமும் தன்னோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிற தோட்டக்காரரிடம் சொல்லவில்லை.

[நோட்டீசில் அவள் எழுதியிருந்தது: “வீட்டு உரிமையாளர்கள் பொறுக்கிவிட வேண்டும்.” அந்த ஊரில் வீட்டு உரிமையாளர் எவராவது குனிந்து எதையாவது பொறுக்கி இவள் பார்த்திருக்கிறாளா? இருபத்தாறு வருஷமாக அப்பாவின் முதுகைப் பார்த்து வளர்ந்தவள் இவள். இந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தில் இவளைக் கதையிலிருந்தே தூக்கிவிடலாம் என்று இருந்தது. பிறகு, இவளை அந்த வாக்கியத்தை எழுத வைத்தது யார் என்று யோசித்தேன். நான்தான். எனக்கும் தோன்றவே இல்லை.]

“அதுங்க இங்க வந்து தின்னுதுங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“காலையில பாத்தா துடைச்சு விட்ட மாதிரி இருக்கும். சரி, குப்பைக்குப் போறதுக்கு ஒரு வயித்துக்குப் போகட்டும்னு விட்டுட்டேன்.” ஓடையின் பக்கம் திரும்பினார். “அந்த டெனிஸம்மா நாய் போனது… இந்த வளைவுலதானே?”

“ஆமா.”

அவர் தொப்பியைக் கழற்றினார். “நாய்க்குக் கல்லு நட்டது நான்தான். அவங்க அத்தி மரத்தடியில. புதைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை, வெறுங்கல்லு. நட்டு முடிக்கறவரைக்கும் அந்த அம்மா அங்கயே நின்னாங்க. நட்டுட்டு, கீழ கிடந்த பழத்தை அள்ளிட்டு வந்தேன்.”

அள்ளிட்டு வந்தேன் என்ற சொல் வாயிலிருந்து விழுந்தபிறகுதான் அவருக்கே உறைத்தது. டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து ஒஃபேலியா சூப் ஆறுகிறது என்று கூப்பிட்டாள். இரண்டு பேரும் நகரவில்லை.

“செவ்வாக்கிழமை சொல்லப் போறியா?”

யெசேனியா கையிலிருந்த கொத்தமல்லியை டிரக்கின் பின்பலகையில் வைத்தாள்.

“சொல்லாதேன்னு சொல்லலை. தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்.”

7

இப்போது முடிவுகள். என்னிடம் சில இருக்கின்றன. எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் சொல்லிவிடுகிறாள். வனவிலங்குக்குத் தீனி போட்டதாக எலியாசார்மேல் வழக்கு வருகிறது. மேட்டில் ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்துகிறது. பள்ளத்துக்கே கெட்ட பெயர்; நாங்கள் அப்போதே சொன்னோமே என்று மேடு நிமிர்ந்து உட்காருகிறது. ஓடை நெடுகக் கூண்டு. பிடிபட்டதெல்லாம் சாகிறது. அடுத்த வருஷம் காலியான இடத்துக்கு வேறு கயோட்டிகள் வருகின்றன. அவை எப்போதும் வரும்.

அவள் சொல்லவில்லை. நீலம் ஜெயிக்கிறது. கூண்டு இல்லை. எலியாசார் குவியலைச் சத்தமில்லாமல் அள்ளிவிடுகிறார், கயோட்டிகள் மெல்லக் கலைகின்றன. யாருக்கும் நஷ்டமில்லை. டெனிஸுக்கு மட்டும்—

இதைப் பாதியில் நிறுத்தினேன். ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும். 

இன்னொரு முடிவு உண்டு. உங்களில் நிறையப் பேர் அதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். சபையில் எலியாசார் தானே எழுந்து, தொப்பியை நெஞ்சில் வைத்து, உண்மையைச் சொல்கிறார். கூட்டம் கலங்குகிறது. மேடும் பள்ளமும் கைகோக்கின்றன. தர மாட்டேன். இந்த ஊரில் எல்லோர் அழுக்கையும் அள்ளுகிறவர் அவர். கதையின் அழுக்கையும் அவர்தான் வந்து அள்ள வேண்டுமா? நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக அவர் உத்தமராக வேண்டுமா? உட்காரட்டும் அந்த மனுஷர். இடுப்பு வலி.

8

செவ்வாய்க்கிழமை. சபை கூடுகிறது. எலியாசாரும் ஒஃபேலியாவும் கடைசி வரிசை. யெசேனியாவுக்கு முன்னால் நீல மணிக் குடுவை. அவள் பேச எழுந்திருக்கும் முன்னே டெனிஸ் ஹால்வர்சன் கைதூக்கினார். மேட்டின் சார்பில் சண்டை போடப் போகிறார் என்று நினைத்து எல்லோரும் திரும்பினார்கள். நானும்தான். இந்த அம்மாளை எதிரியாக வைத்துத்தானே நான் கதையை ஆரம்பித்தேன்.

அவர் கையில் அந்தக் கயிறு இருந்தது.

மனுவிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். பள்ளத்து ஜனங்களைப் பற்றித் தான் பேசியதெல்லாம் அபாண்டம் என்று சொன்னார். தன் கொல்லை அத்தி மரத்தை வெட்ட ஆள் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அவர் கணவர் உயிரோடு இருந்தபோது நட்ட மரம் அது என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். பிறகு அவர் யெசேனியா பக்கம் திரும்பினார்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்மா. சனிக்கிழமைலருந்து தூக்கமில்லை. என் நாயை எடுத்துட்டுப் போனது… அது என் மரத்துப் பழத்தைத் தின்னு வளந்ததுதானா? ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

பாருங்கள். ஆமாம் என்பது பொய்யில்லை. அவர் மரம்தான், அவர் பழம்தான், அவர் நிறம்தான். அதை ஓடைக்கரையில் கொட்டியது யார் என்பது மட்டும் அந்த ஆமாமில் இல்லை. யெசேனியா ஒரு எழுத்துகூடக் கூட்டாமல் குறைக்காமல், முழு உண்மையாக, “ஆமாங்க மேடம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். கூண்டு வராது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு உண்மை இவ்வளவு பெரிய பொய்யாக இருக்க முடியும் என்பதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் கண்டேன்.

ஆமாம் என்று எழுதிப் பார்த்தேன். டெனிஸ் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவே தனியாக நடந்து போனார். அவர் போவதை எலியாசார் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியவில்லை. அடித்துவிட்டேன்.

“பழம் உங்களுதுதான், ஆனா” என்று எழுதிப் பார்த்தேன். அந்த “ஆனா”வைக் கேட்டதும் மேட்டுக்காரர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசி வரிசையில் ஒஃபேலியா கணவனின் கையைப் பிடித்தாள். அதையும் அடித்துவிட்டேன்.

ஒலிவாங்கியின் விளக்கு எரிகிறது. டெனிஸ் நின்றுகொண்டே இருக்கிறார். யெசேனியா எழுந்துவிட்டாள். குடுவையை ஒரு கையால் பிடித்திருக்கிறாள். அவள் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

“மேடம்,” என்றாள்.

அடுத்த சொல்லை நீங்கள் எழுதுங்கள். நான் இடம் விட்டுவைத்திருக்கிறேன். எழுதுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் எனக்குச் சொல்லிவிடுங்கள்: உங்கள் வீட்டில் கீழே விழுந்ததை யார் பொறுக்குகிறார்கள், பொறுக்கி எங்கே கொண்டுபோகிறார்கள்?

தெரியாது என்றால் இந்த முடிவைத் தொடாதீர்கள்.